ஒரே நேரத்தில் மூன்று மேடை: யாரைப் பார்ப்பது, யாரை விடுவது?

நனைந்தகுடை

முதல் தடவையாக மூன்று நாள் இசைவிழாவுக்குப் போகிறேன், தம்பியும் வருகிறான். டிக்கெட் கிடைத்தபோது வந்த சந்தோஷமெல்லாம் நேற்று டைம்டேபிள் வெளியானதும் போய்விட்டது. ஆறு மேடைகள், நூற்றுக்கும் மேல் குழுக்கள். பிடித்ததையெல்லாம் வட்டம் போடலாம் என்று உட்கார்ந்தேன். பக்கம் முழுக்க வட்டமாகிவிட்டது.

பெரிய தலைவலி இரண்டாம் நாள் இரவு. ஒன்பதரைக்குப் பெரிய மேடையில், நான் பதினைந்து வருடமாகக் கேட்டுவரும் ராக் குழு. அதே ஒன்பதரைக்கு மைதானத்தின் மறுகோடி டென்ட்டில், இந்த வருடம் முழுக்க என் காதைவிட்டு இறங்காத ஒரு பாடகி. பத்து மணிக்கு மூன்றாவது மேடையில் தம்பியின் மெட்டல் குழு. பெயர்களைச் சொன்னால் இந்த உரையாடல் ரசிகர் சண்டையாகிவிடும், அதனால் சொல்லப்போவதில்லை.

"மூணையும் இருபது இருபது நிமிஷம் பாத்துடலாம்க்கா" என்கிறான் தம்பி. எனக்கு ஒப்பவில்லை. இப்படி முட்டிக்கொள்ளும்போது நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்?

கட்டம்போட்டசட்டை

எக்செல் போடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று மதிப்பெண்களில் ஒன்று. 3 என்றால் இவர்களைப் பார்க்காமல் திரும்பினால் வருத்தப்படுவேன். 2 என்றால் பார்த்தால் சந்தோஷம். 1 என்றால் அந்தப் பக்கம் போனால் நிற்பேன். ஒரு நாளில் நான்கு குழுக்களுக்கு மேல் 3 போடக்கூடாது என்பதுதான் முக்கியமான விதி. நானும் முதல் வருடம் உங்களைப்போல எல்லாவற்றுக்கும் 3 போட்டவன்தான்.

தம்பி தனியாக மதிப்பெண் போடட்டும். பக்கத்தில் உட்கார்ந்து போட்டால் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் எண்ணை மாற்றுவார்.

மூன்றாம்வரிசை

எக்செல்லில் நடக்கும் தூரத்துக்கு ஒரு கட்டம் உண்டா? இல்லையென்றால் அந்தக் கணக்கு முதல் நாள் மதியமே உடைந்துவிடும்.

இருபது வருடமாக விழாக்களுக்குப் போகிறேன். முதலில் எடுக்க வேண்டியது வரைபடம், டைம்டேபிள் அப்புறம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி மாதிரி பெரிய விழா என்றால் 900 ஏக்கர் நிலம், இரண்டு லட்சம் பேர். சிகாகோவின் லொல்லபலூசாவில் இரண்டு பெரிய மேடைகள் பூங்காவின் இரண்டு முனைகளில் நிற்கும், நடுவில் ஏறக்குறைய ஒரு மைல். வரைபடத்தில் அது இரண்டு விரல்கடை. ஒரு செட் (ஒரு குழு மேடையில் வாசிக்கும் நேரம்) முடிந்து எல்லோரும் ஒரே பக்கம் திரும்பும்போது அந்த ஒரு மைல் நாற்பது நிமிடத்தையும் விழுங்கும். வாக்கன், ஹெல்ஃபெஸ்ட் போன்ற மெட்டல் விழாக்களில் இரண்டு பெரிய மேடைகளைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டி, ஒன்றில் வாசிக்கும்போதே மற்றதைத் தயார் செய்கிறார்கள். அங்கே கழுத்தைத் திருப்பினால் போதும். உங்கள் விழா எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

தம்பியின் திட்டத்துக்கு வருகிறேன். மூன்று மேடை, இருபது இருபது நிமிடம் என்றால் நீங்கள் பார்ப்பது மூன்று குழுவை இல்லை, மூன்று கூட்டத்தின் முதுகை. நடுவில் நுழைபவருக்குக் கடைசி வரிசைதான். ஒரு நல்ல குழு செட்டை ஒரு கதையாகக் கோத்திருக்கும். மூன்றாவது பாட்டில் மெதுவாக இறங்குவது ஏழாவது பாட்டில் ஏறுவதற்காக. இறக்கத்தில் வந்து ஏற்றத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டு "இவ்வளவுதானா இவர்கள்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பாதிப்பாட்டு

வந்துவிட்டார் முழுச்செட் சங்கத் தலைவர். :)

மூன்றாம்வரிசை சொல்வது ஹெட்லைனருக்கு, அதாவது இரவின் முக்கியக் குழுவுக்குச் சரி. மதியம் இரண்டு மணிக்கு நாற்பது நிமிடம் வாசிக்கும் குழுவுக்கு அது எப்படிப் பொருந்தும்? இரண்டு பாட்டில் பிடிக்கவில்லையா, கிளம்பு. வாழ்நாளில் நான் பார்த்த மிகச் சிறந்த பத்துச் செட்களில் ஆறு, வேறு எங்கோ போகும் வழியில் மாட்டியவை. திட்டப்படி உட்கார்ந்திருந்தால் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

செட் நீளமாக இருந்தால்தான் முழுமை என்றும் இல்லை. 1985 லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரியில் குயீன் ராக் குழு மேடையில் இருந்தது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறோம்.

மூன்றாம்வரிசை

அந்த இருபது நிமிடத்தையும் முழுதாகப் பார்த்தவர்கள்தான் பேசுகிறார்கள். நீங்கள் பத்தாவது நிமிடத்தில் வேறு மேடை தேடிக் கிளம்பியிருப்பீர்கள்.

பாதிப்பாட்டு

லைவ் எய்ட் லண்டன், ஃபிலடெல்பியா என்று இரண்டு ஊரில் நடந்தது, ஊருக்கு ஒரு மேடைதான் சார். எங்கே கிளம்புவது?

காலைமேடை

இரண்டு பேரும் சற்று ஓய்வெடுங்கள், குடைக்குப் பதில் சொல்கிறேன்.

எல்லோரும் போஸ்டரின் மேல் வரியை வைத்துத் திட்டம் போடுகிறார்கள். நான் கீழிருந்து தொடங்குவேன். பொடி எழுத்தில் இருக்கும் குழுக்களை விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆளுக்கு இரண்டு பாட்டு கேட்டுவிடுவேன், அதில் ஒன்று மேடைப் பதிவாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் தேன் மாதிரி ஒலிக்கும் சிலர் மேடையில் லேப்டாப்பின் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஆல்பத்தில் சுமாராக இருக்கும் சிலர் மேடை ஏறினால் வேறு பிறவி.

சிறிய எழுத்து நெடுநாள் சிறியதாகவே இருப்பதில்லை. 1991-இல் இங்கிலாந்தின் ரெடிங் விழாவில் நிர்வாணா என்ற ராக் குழு பகல் வெளிச்சத்தில் வாசித்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் அதே விழாவுக்கு அவர்கள்தான் ஹெட்லைனர். 2005-இல் அதே ரெடிங்கில் ஆர்க்டிக் மங்கீஸ் குழுவுக்குச் சிறிய டென்ட்தான் கொடுத்தார்கள், கூட்டம் வெளியே வழிந்தது. முதல் ஆல்பமே அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது.

காலையில் போவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு முன்வரிசைக் கம்பியில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம். மேடையில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பாடுவார். இரவு ஒன்பதரைக்கு அது கனவு.

எட்டிப்பார்

என் உயரம் ஐந்தடிக்கும் கீழ். அதனால் என் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: தரை சரிவா, சமமா? பெரிய மேடையின் முன்னால் சமதளம் என்றால் எனக்குத் தெரிவது அடுத்தவர் சட்டைப் பின்புறம் மட்டும். சரிவான மைதானத்தில் பின்னால் நின்றால்கூட மொத்த மேடையும் தெரியும். போன தடவை "வாழ்நாள் கனவு" ஹெட்லைனரை ஒரு மணி நேரம் ஒரு மொட்டைத் தலையின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். இப்போது எனக்கு மிகப் பிடித்தவர்கள் டென்ட்டில் வந்தால்தான் மகிழ்ச்சி.

டென்ட்டுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. நிறைந்தால் வாசலை அடைத்துவிடுவார்கள். திறந்த மைதான மேடைகளிலும் நடக்கும். 2024 கிளாஸ்டன்பரியில் ஷுகபேப்ஸ் பெண்கள் குழு பாடியபோது வெஸ்ட் ஹோல்ட்ஸ் மேடைப்பக்கம் கூட்டம் தாங்காமல் வழியை அடைத்தார்கள். உங்கள் பாடகி இந்த வருடம் எல்லோர் காதிலும் இருப்பவர் என்றால், ஒன்பதரைக்கு ஒன்பதே காலுக்குப் போய் நிற்கலாம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு முந்தைய செட்டின் பாதியிலேயே உள்ளே இருங்கள்.

டெசிபல்

நான் ஒலிக்காரன், மேடைக்கு எதிரே கூண்டுக்குள் நின்று ஒலியைக் கலந்து சரி செய்பவன். என் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

விழாவில் குழுக்களுக்கு முழு சவுண்ட் செக் (முன்கூட்டியே வாசித்து ஒலியைச் சரிபார்ப்பது) பெரும்பாலும் கிடையாது. முந்தைய குழு இறங்கியதும் அரை மணி நேரத்துக்குள் டிரம்ஸைச் சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொரு மைக்கும் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம், அவ்வளவுதான். முதல் பாட்டில் குரல் கேட்காது, கிதார் கத்தும். அது குழுவின் குற்றமில்லை, நாங்கள் அந்தப் பாட்டை வைத்துத்தான் சரி செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே பாதிப்பாட்டு அவர்களே, முதல் இரண்டு பாட்டை வைத்துத் தீர்ப்பு எழுதினால் நீங்கள் தீர்ப்பு எழுதுவது என்னைப் பற்றி. மூன்றாவது பாட்டு வரை பொறுங்கள்.

எங்கே நிற்பது என்று கேட்டால் என் கூண்டுக்கு நேர் முன்னால் அல்லது பின்னால். நான் கேட்பதை வைத்துத்தான் கலக்குகிறேன், அதனால் அங்கேதான் கலவை சரியாக இருக்கும். மேடையை ஒட்டி நின்றால் தலைக்கு மேல் தொங்கும் ஸ்பீக்கர்கள் உங்களைத் தாண்டிப் போய்விடும். உங்களுக்கு வருவது நேரே டிரம்ஸும், மேடையடியில் இருக்கும் பாஸ் பெட்டிகளும்தான். தூரம் போனால் இன்னொரு வேடிக்கை. ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் அடி உங்களுக்கு அரை வினாடி கழித்து வரும். திரையில் குச்சி இறங்கிவிடும், சத்தம் பிறகு. அதனால்தான் மைதானத்தின் நடுவில் கோபுரம் கட்டி அங்கே இருக்கும் ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்தி ஓட்டுகிறோம். இல்லையென்றால் ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை கேட்கும்.

காற்றும் கணக்கில் வரும். திறந்த மைதானத்தில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் சத்தம் போர்வை உதறுவது மாதிரி வந்து வந்து போகும். மென்மையான குரல், அமைதியான பாட்டு உள்ள குழுவை முடிந்தால் டென்ட்டில் பாருங்கள்.

கடைசியாகக் காது. இசை நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன உச்ச வரம்பு சராசரி 100 டெசிபல். அதே 100 டெசிபலில் தினமும் வேலை செய்பவருக்கு, தொழில் பாதுகாப்புக் கணக்குப்படி, பாதுகாப்பான நேரம் 15 நிமிடம். நீங்கள் மூன்று நாள் நிற்கப்போகிறீர்கள். இசைக்காரர்கள் போடும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு மாதிரி அடைக்காமல் எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் குறைக்கும்.

பாதிப்பாட்டு

சரி, மூன்று பாட்டு. ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம்வரிசைக்காக இல்லை, டெசிபலுக்காக.

நனைந்தகுடை

எல்லோருக்கும் நன்றி. எக்செல் போட்டோம். தனித்தனியாகத்தான். எனக்கு ராக் குழு 3, பாடகி 3. தம்பிக்கு மெட்டல் 3, ராக் 2, பாடகி 1. ஆக, பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கிறது, இப்போது கட்டத்துக்குள் இருக்கிறது.

ராக் குழுவை விட மனமே வரவில்லை. கல்லூரி விடுதியில் ஒரே ஹெட்ஃபோனை இரண்டு பேர் பிரித்துக் கேட்ட குழு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர்களின் கடைசி இரண்டு ஆல்பத்தை நான் ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

மூன்றாம்வரிசை

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா.

சமீபத்தில் அவர்கள் வேறு இடங்களில் வாசித்த செட்லிஸ்ட்களை (பாட்டு வரிசைகளை) இணையத்தில் தேடுங்கள், ரசிகர்கள் பதிந்து வைத்திருப்பார்கள். பதினைந்து பாட்டில் ஒன்பது புது ஆல்பத்திலிருந்து என்றால், நீங்கள் ஹெட்ஃபோனில் பிரித்துக் கேட்ட குழு வேறு, அன்று மேடையில் நிற்கப்போகும் குழு வேறு. பழைய குழுவைப் பார்க்கும்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி: இவர்களைப் பார்க்க வேண்டுமா, "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டுமா? இரண்டாவதுதான் பதில் என்றால் வேறு மேடைக்குப் போய்விடுவேன். வெட்கமே படுவதில்லை.

இன்னொன்று, யார் திரும்ப வருவார்கள் என்று பாருங்கள். வருடா வருடம் சுற்றுப்பயணம் போகும் குழுவை அடுத்த வருடம் தனிக் கச்சேரியில் இரண்டு மணி நேரம், முழு ஒளியமைப்போடு பார்க்கலாம். அபூர்வமாக மேடை ஏறுபவருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

காலைமேடை

உடன்படுகிறேன், ஒரு திருத்தத்தோடு. சின்னப் பாடகியை இவ்வளவு சின்ன டென்ட்டில் பார்ப்பது இனி கிடைக்காது. ராக் குழு அடுத்த வருடமும் இதே மைதான அளவில்தான் வாசிக்கும்.

கட்டம்போட்டசட்டை

ஒரு நடைமுறைக் கேள்வி. தம்பி என்ன வயது? பிரிந்து போகலாமே. ஒவ்வொரு மேடையிலும் ஒன்றாகவே நிற்க வேண்டும் என்று சட்டமா? நானும் என் மனைவியும் இரவு செட்டுக்குப் பிரிவோம். "டென்ட்டின் இடப்பக்கம் இரண்டாவது கம்பம், பதினொன்றேகால்" என்று மணியும் இடமும் பேசிவிட்டுத்தான் பிரிவோம். கூட்டத்தில் போன் சிக்னல் செத்துவிடும். பத்தே முக்காலுக்கு அனுப்பிய செய்தி காலையில் வந்து சேரும், "எங்கே இருக்கே" என்று.

டைம்டேபிளைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையில்.

எட்டிப்பார்

பிரிவதானால் தம்பியிடம் இதையும் சொல்லிவையுங்கள்: மெட்டல் கூட்டத்தில் நடுவே போகாமல் ஓரமாக நிற்கட்டும், மூச்சு முட்டினால் பின்னால் இல்லை, பக்கவாட்டில் வெளியேறட்டும். 2000-இல் டென்மார்க்கின் ராஸ்கில்ட விழாவில் பேர்ல் ஜாம் ராக் குழு வாசித்தபோது முன்பக்க நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மேடை முன்னால் கம்பி போட்டுப் பகுதி பகுதியாகப் பிரித்து, எண்ணி உள்ளே விடுகிறார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. கீழே விழுந்தவரைத் தூக்கிவிடுவதில் மெட்டல் ரசிகர்களை மிஞ்ச ஆளில்லை.

நனைந்தகுடை

தம்பிக்கு இருபத்திரண்டு. பிரிவதா என்று கேட்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தால், இத்தனை நாள் என்னை இழுத்துக்கொண்டு திரிவதாக அவன்தான் நினைத்திருக்கிறான்.

செட்லிஸ்ட் பார்த்தேன். பதினான்கில் எட்டு புதுசு. முடிவு: பாடகி.

பாதிப்பாட்டு

எழுதி வைத்த முடிவெல்லாம் பென்சிலில் இருக்கட்டும். 1995 கிளாஸ்டன்பரிக்கு ஸ்டோன் ரோஸஸ் என்ற குழு வரவேண்டியது. கிதார்காரர் காறை எலும்பை உடைத்துக்கொண்டதால் கடைசி நேரத்தில் பல்ப் என்ற குழு வந்தார்கள், அதுவே அவர்களின் வாழ்நாள் செட் ஆனது. 2015-இல் அங்கேயே ஃபூ ஃபைட்டர்ஸ் பாடகர் காலை உடைத்துக்கொள்ள, ஃப்ளோரன்ஸ் அண்ட் தி மெஷின் குழு ஒரு படி மேலே ஏறி ஹெட்லைனர் ஆனார்கள். 2012-இல் லொல்லபலூசாவில் புயல் வருகிறது என்று மொத்தப் பூங்காவையும் காலி செய்தார்கள்.

ஹெட்லைனர் நேரத்துக்கு வருவார் என்றும் நம்பாதீர்கள். 2023-இல் அமெரிக்காவின் கோச்செல்லா விழாவில் பாடகர் ஃபிராங்க் ஓஷன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாக ஏறினார். இரவு நேர வரம்பு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வார இறுதிக்கு வரவே இல்லை.

மூன்றாம்வரிசை

அமெரிக்காவின் உட்ஸ்டாக் விழாவில் கிதார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடை ஏறியது திங்கள்கிழமை காலை. 1969-இல் நான்கு லட்சம் பேர் திரண்ட விழாவில் அதற்குள் பெரும்பாலோர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். இதில் பாதிப்பாட்டுகள் எத்தனை பேரோ.

நனைந்தகுடை

போய்விட்டு வந்தாயிற்று. காலில் இரண்டு கொப்புளம். இரண்டாவது நாள் மழை (பெயர் ராசி). நிதானமாக எழுதுகிறேன்.

பாடகிக்காக எட்டரைக்கே டென்ட்டுக்குள் போய்விட்டேன். எட்டிப்பார் சொன்னது சத்தியம், ஒன்பது பத்துக்கு வாசலை அடைத்தார்கள். டெசிபல் சொன்னபடி கூண்டுக்கு முன்னால் நின்றேன். கூண்டுக்குள் இருந்த ஒலி மேசையில் ஒட்டிய வெள்ளை டேப்பில் "குரல்", "குரல் 2", "அழாதே" என்று எழுதியிருந்தது. அந்த மூன்றாவது எதற்கென்று கேட்க ஆசை, கேட்கவில்லை. முதல் பாட்டில் குரலே இல்லை. மூன்றாவது பாட்டில் வந்தது பாருங்கள், என் முன்னால் நின்றவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

நடுவில் ஒரு பாட்டை அவர் மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நின்று பாடினார். டென்ட் மொத்தமும் மூச்சைப் பிடித்திருந்தது. அந்த அமைதியில் மைதானத்தின் மறுபக்கத்திலிருந்து பெரிய மேடையின் பாஸ் தும் தும் என்று வந்துகொண்டிருந்தது. என் ராக் குழு. எந்தப் பாட்டு என்று அந்தத் தாளத்தை வைத்தே கண்டுபிடித்தேன். ஹெட்ஃபோன் பாட்டுதான். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

தம்பியின் மெட்டல் குழு ஏதோ மின்சாரக் கோளாறில் நாற்பத்தைந்து நிமிடம் தாமதம். நான் டென்ட்டிலிருந்து வெளியே வந்து சேறு கடந்து போனால் அங்கே மூன்றாவது பாட்டுதான் ஓடுகிறது. ஆகக் கடைசியில் அதையும் பார்த்தேன். ஓரமாக நின்று.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாங்கள் பேசியது இவர்களில் யாரைப் பற்றியும் இல்லை. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டேகாலுக்கு, சின்ன மேடையில் மூன்று பேர். நாங்கள் முப்பது பேர்கூட இல்லை. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ்காரரின் ஸ்டூல் காலொன்று உள்ளே மடங்கிவிட்டது. மீதி நாலு பாட்டையும் அவர் நின்றுகொண்டே வாசித்தார், ஒற்றைக்காலில் பெடலை மிதித்தபடி. பாஸ் வாசித்த பெண் அவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்று வாசித்தார். தம்பிக்கு அன்று முழுக்க வேறு எதுவும் ஏறவில்லை.

காலைமேடை

யார் அவர்கள்? பெயர்!

நனைந்தகுடை

அதுதான் தெரியவில்லை. காகிதத்தில் அந்த நேரத்துக்கு வேறு குழு போட்டிருந்தது, யாரோ வராததால் இவர்கள் நேரம் மாறி வந்திருக்கிறார்கள். மேடையில் பெயர் சொன்னபோது நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

கட்டம்போட்டசட்டை

அன்று வேறு நேரத்துக்கு இருந்து நேரம் மாறினவர்கள் என்றால் போஸ்டரில் பெயர் கட்டாயம் இருக்கும். போஸ்டரைப் பெரிதாக்கி, அந்த நாளின் கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். நீங்கள் வேறு நேரத்தில் பார்த்த குழுக்களை அடித்துக்கொண்டே வந்தால் மீதி நாலைந்துதான் நிற்கும்.

நனைந்தகுடை

கிடைத்துவிட்டார்கள். மிகக் கடைசி வரி, மடிப்பு விழும் இடம். இதுவரை ஒரே ஒரு பாட்டுதான் வெளியிட்டிருக்கிறார்கள், தம்பி காலையிலிருந்து பதினொரு தடவை போட்டுவிட்டான். ஸ்டூல் என்ன ஆனது என்று அவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். பதில் வந்தால் சொல்கிறேன்.